சூடேறாத எஞ்சின்

பருத்தித்துறையில் ஹயருக்கு, வாடகைக்கு, கார் ஓடுகிறவர்களில் சீவரத்தினம் அளவுக்குப் பயந்து ஓடுகிறவர் வேறு யாரும் இல்லை. வேகத்துக்கோ பொலிசுக்கோ, சந்தியில் குறுக்கே பாயும் மாட்டுக்கோ அவர் பயப்படுவதில்லை. அவருடைய பயமெல்லாம் ஸ்ரியறிங்குக்குப் பின்னால், கண்ணாடிக்குள் ஒரு மூலையில் நிற்கும் சின்ன ஊசிக்குத்தான். எஞ்சின் எவ்வளவு சூடு என்று காட்டும் ஊசி அது. பக்கத்தில் இருப்பவர் தன் மகளின் கலியாணக் கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வருவார். சீவரத்தினம் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். கண் மட்டும் ரோட்டுக்கும் ஊசிக்குமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஊசியோ, பாவம், ஒருநாளும் எழும்பியதே இல்லை. காலையில் எங்கே படுத்திருந்ததோ பின்னேரமும் அங்கேதான் படுத்திருக்கும். பஸ் நிலையத்தடியில் நிற்கும் மற்ற ஓட்டக்காரர்கள், "அண்ணையின்ரை காருக்கை ஐஸ் பெட்டி பூட்டியிருக்கு, மீன் வைச்சாலும் பழுதாகாது" என்று பகிடி பண்ணுவார்கள். சீவரத்தினத்துக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி. எஞ்சின் குளிர்ந்து கிடந்தால்தான் அவருக்கு நெஞ்சு குளிரும்.

அவரை முழுக்கப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாலிப வயதிலிருந்து கடலில் கிடந்த மனிதர். தம்பி சோமசேகரமும் அவரும் ஒரே படகு. வீடு அடுத்தடுத்து, வலை பொது, சண்டை பிடித்தால் அன்று மாலையே சமாதானம். ஒரு நாள் வெகு தூரம் போய்த் திரும்பும்போது, எஞ்சினின் பின்பக்கத்தால் எப்போதும் பீச்சிக்கொண்டிருக்கும் தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றுபோனது. கடல் எஞ்சினுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். கடலிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிரப்பண்ணி வெளியே விடும். உள்ளே இருந்த வால்வில் உப்புப் பிடித்து அடைத்துக்கொண்டது. கருகல் மணம் வந்ததும் சீவரத்தினம் எஞ்சினை நிறுத்தினார், ஆறட்டும் என்று. அது ஆறியது. பிறகு எடுபடவே இல்லை. உள்ளங்கை உரியும்வரை ஸ்ராட் கயிற்றை இழுத்துப் பார்த்தார். எஞ்சின் இறுகிவிட்டிருந்தது.

நீரோட்டம் அவர்களைக் கொண்டுபோனது. மறுநாள் பொழுதுபடும் நேரம் தூரத்தில் ஒரு படகைக் கண்ட சோமசேகரம், வெறும் பிளாஸ்ரிக் கான் ஒன்றை மிதப்புக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் அண்ணை, நீ படகிலை இரு" என்று சொல்லிக் குதித்தான். நல்ல நீச்சல்காரன். சீவரத்தினத்தை முல்லைத்தீவுப் பக்கத்துப் படகொன்று பிறகு கண்டெடுத்தது. சோமசேகரத்தை ஒருவரும் காணவில்லை.

அதற்குப் பிறகு துறையில் உள்ளவர்கள் எல்லாரும் தங்கள் எஞ்சின்களில் இருந்த அந்த வால்வைக் கழற்றி எறிந்தார்கள். சீவரத்தினம் படகையே விற்றுவிட்டுப் பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். வாங்கிய அன்று, கோவிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசிக்க முதலே, பொனெற்றைத் திறந்து வால்வைத் தேடினார். காரிலும் அது உண்டு. காசைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைச் சாமான். எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீரை றேடியேற்றருக்குப் போகாமல் மறித்துவைக்கும், சூடு வந்ததும் தானாகத் திறந்து விடும். தண்ணீரை மறிக்கும் என்ற அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. கழற்றி, பழைய வலையின் ஈயக் குண்டுகள் கிடந்த பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டு மூடினார். படகில் கழற்றாமல் விட்டதைக் காரில் கழற்றிவிட்டேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதி கொஞ்சக் காலம் நீடித்தது. பிறகு கார் மெல்ல மெல்லச் சீக்காளியானது. காலையில் எடுபடக் கனநேரம் சென்றது. பின்னால் கறுப்புப் புகை. பெற்றோலைத் தண்ணீராகக் குடித்தது. ஒருநாள் வல்லை வெளியில், ஹயருக்கு ஏறினவர் பின்னால் இருக்க, இரண்டு மூன்று முறை இழுத்து உதறிவிட்டு நடுரோட்டில் நின்றது. இரு பக்கமும் வெறும் உப்பு வெளி. காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுபட்டதுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் சீவரத்தினத்தின் சேட்டு முழுக்க வியர்வையில் ஊறிவிட்டது.

இன்னொரு காலமாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். மகள் கோபிகா நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். மருமகன் கட்டாரில் வேலை. அவளுக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது, பிள்ளைப்பேறு யாழ்ப்பாணத்துப் பெரிய ஆசுப்பத்திரியில்தான் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணம் போவதென்றால் வல்லை வெளியைத் தாண்ட வேண்டும். மகளை ஏற்றிக்கொண்டு போகையில் எஞ்சின் அங்கே நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்த ஒரு கேள்வி அவரைச் சோறு தின்னவும் விடவில்லை.

நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கும் ஜெறோமிடம் காரைக் கொண்டுபோனார். ஜெறோம் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள்.

"என்ன அண்ணை வருத்தம் உவனுக்கு?"

சீவரத்தினம் புகை, இழுவை, வல்லையில் நின்றது எல்லாவற்றையும் சொன்னார்.

"சூடு ஏறுதோ?"

"சூடோ? அந்தக் கதைக்கே இடமில்லை. ஊசி அசையாது." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜெறோம் நிமிர்ந்து பார்த்தார். "அதுதானே அண்ணை பிழை."

எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டெடுத்தார். "எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் கிடக்குது."

"ஓம். குறையிறதே இல்லை. நல்ல எஞ்சின்."

"குறையாதது நல்லம். கூடுறது எப்பிடி நல்லம்? இந்தாங்கோ, மணந்து பாருங்கோ."

சீவரத்தினம் கம்பியை மூக்கடியில் பிடித்தார். பெற்றோல்.

"எஞ்சின் குளிரிலையே கிடந்தா, நான் இன்னும் சூடாகேல்லை எண்டு நினைச்சு பெற்றோலைக் கூடக் கூட ஊத்திக்கொண்டிருக்கும். எரியாமல் மிஞ்சினது கீழை எண்ணெயுக்கை இறங்குது. எண்ணெய் தண்ணியாப் போனா இரும்பும் இரும்பும் உரஞ்சித் தேயும். உப்பிடியே ஓடிக்கொண்டிருந்தியள் எண்டா ஒருநாளைக்கு இறுகி நிக்கும்."

இறுகி என்ற சொல் சீவரத்தினத்தைக் கடலுக்கே திருப்பிக் கொண்டுபோனது. எதற்குப் பயந்து இவ்வளவு காலமும் எஞ்சினைக் குளிர வைத்திருந்தாரோ அதுதான் இப்போது குளிரின் வழியாக வந்துகொண்டிருந்தது.

ஊசி பொய் சொல்லுகிறதோ என்று ஜெறோம் முதலில் சூடு அளக்கும் கருவியை எஞ்சினில் காட்டிப் பார்த்தார். ஊசி பொய் சொல்லவில்லை. காரை அன்றிரவு கராஜிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். காலையில் எஞ்சின் நன்றாக ஆறிக் கிடக்கையில் ஸ்ராட் எடுத்து, சீவரத்தினத்தின் கையைப் பிடித்து றேடியேற்றருக்குப் போகும் மேல் குழாயில் வைத்தார்.

"இந்தக் குழாய் கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணி மாதிரிக் குளிராக் கிடக்கவேணும். பேந்து வால்வு திறந்த உடனை திடீரெண்டு சுடவேணும். உங்கடையிலை பாருங்கோ, எடுத்த நேரம் தொடக்கம் மெல்ல மெல்ல வெதுவெதுக்குது. மறிக்க ஒண்டும் இல்லை. ஆரும் உள்ளுக்கை கை வைச்சதோ?"

"இல்லை. எனக்குத் தெரிய இல்லை."

வைத்தியரிடம் தன் குடியை மறைக்கிற நோயாளி மாதிரிச் சொன்னார். ஜெறோம் இரண்டு ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் குழி.

"வீட்டை கிடக்கு," என்றார் சீவரத்தினம். "ரின்னுக்கை."

ஜெறோம் சிரிக்கவில்லை. சோமசேகரத்தின் கதை நெல்லியடிக்கும் தெரிந்த கதைதான். "கடல் எஞ்சினுக்கு உது சரி அண்ணை. உப்புத்தண்ணி ஓடி ஓடி வால்வைப் பிடிக்கும், கழட்டத்தான் வேணும். காருக்கை ஓடுறது அடைச்ச தண்ணி. அதிலை உப்பு எங்கை?"

"பூட்டினாப் பிறகு திறக்காட்டி?"

"திறக்கும்."

"திறக்காட்டி, ஜெறோம்?"

ஜெறோம் உள்ளே போய்ப் புதிய வால்வு ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். "வீட்டை கொண்டுபோய்த் தண்ணியிலை போட்டுக் கொதிக்க வையுங்கோ. உங்கடை கண்ணாலை பாருங்கோ. நம்பினாக் கொண்டு வாங்கோ, பூட்டுவம்."

அன்று மதியம் சீவரத்தினத்தின் மனைவி அருமைநாயகிக்கு அடுப்பு கிடைக்கவில்லை. அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, நைலோன் நூலில் வால்வைக் கட்டி உள்ளே தொங்கவிட்டு, குந்திக்கொண்டு பார்த்திருந்தார் மனுசன். தண்ணீர் கொதிக்கும் தறுவாயில் வால்வு மெல்ல வாய் திறந்தது. வெளியே தூக்கினார். கொஞ்சம் ஆறியதும் மூடிக்கொண்டது. மறுபடி போட்டார். மறுபடி திறந்தது. மறுபடியும், மறுபடியும்.

"இஞ்சரப்பா," என்றாள் அருமைநாயகி, "உதைச் சமைச்சு ஆருக்குக் குடுக்கப்போறியள்? அரிசி ஊறிக்கொண்டு கிடக்கு."

கோபிகா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சித்தப்பா போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது.

"திறக்குதுதானே அப்பா."

"இப்ப திறக்குது," என்றார் சீவரத்தினம்.

அடுத்த நாள் வால்வு பூட்டப்பட்டது. ஜெறோம் எண்ணெயை மாற்றி, கரி பிடித்த பிளக்குகளைத் துப்புரவாக்கிக் கொடுத்தார். "ஊசி நடுவுக்கு வரும். நடுவிலை நிண்டா நல்ல சுகம். நடுவைத் தாண்டினாத்தான் பயப்பிடவேணும்" என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் ஊசி அசையத் தொடங்கியதைக் கண்டதும் சீவரத்தினம் மிச்ச வழியை மூச்சடக்கி ஓட்டி, வீட்டு வாசல் படலைக்குள் நுழைந்த கையோடு எஞ்சினை நிறுத்தினார். பிறகு காரைத் தொடவில்லை.

தொட வேண்டிய நேரம் ஞாயிற்றுக்கிழமை காலையே வந்தது. குறித்த நாளுக்கு முந்திக் கோபிகாவுக்கு நோவு எடுத்தது. முகம் வீங்கி, தலை வெடிக்கிறது என்றாள். அம்புலன்சுக்குப் போன் அடித்தார்கள். அது எங்கேயோ விபத்துக்குப் போய்விட்டது, கொஞ்சம் பொறுங்கோ என்றார்கள். அம்புலன்ஸ் வந்திருந்தால் உலகத்திலேயே கூடுதலாகச் சந்தோசப்பட்டிருக்கக்கூடியவர் சீவரத்தினம்தான். பொறுக்க நேரமில்லை. தாயும் மகளும் பின்னால் ஏறினார்கள்.

மந்திகை தாண்டும்போது ஊசி எழும்பியது. வேறு யாருக்கும் அது வெறும் ஊசி. சீவரத்தினத்துக்கு, தண்ணீர் பீச்சுவது நின்ற எஞ்சின். நெல்லியடி வரட்டும், ஜெறோமிடம் ஒரு சொல் கேட்டுவிட்டால் போதும் என்று ஓட்டினார். கராஜ் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஜெறோம் பூசைக்குப் போயிருந்தார்.

வல்லை வெளியில் கார் இறங்கியபோது ஊசி சரியாக நடுவில் நின்றது. இந்தக் காரில் அவர் ஒருநாளும் கண்டிராத இடம். நடு நல்லது என்று ஜெறோம் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நினைவு தலையில் இருந்தது, பயம் கைகளில் இருந்தது. ஏதோ கருகுகிற மணம் வருகிற மாதிரி இருந்தது. வெளியில் காய்ந்த சேற்று மணமோ, தன் பயத்தின் மணமோ, அவருக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பின்னால் கோபிகா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

வல்லை முனியப்பர் கோவிலடியில் காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தினார். அந்த வழியால் போகிற வாகனக்காரர் அங்கே நின்று கும்பிட்டுப் போவது வழக்கம். அதனால் அருமைநாயகிக்கு முதலில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு வாறன்," என்று இறங்கினார்.

"கெதியா வாங்கோ."

அவர் முனியப்பரின் பக்கம் போகவில்லை. பொனெற்றைத் திறந்தார். அருமைநாயகி கண்ணாடிக்கூடாகப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள், மகளின் தலையைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்தாள். அவளும் பயந்துதான் போயிருந்தாள், காருக்கல்ல, மனுசனுக்கு.

சீவரத்தினம் மேல் குழாயில் கையை வைத்தார். சுட்டது. வைத்திருக்க முடியாத சூடு. அப்படியென்றால் வால்வு திறந்திருக்கிறது, தண்ணீர் ஓடியிருக்கிறது. நீராவி இல்லை, ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. எல்லாம் ஜெறோம் சொன்னபடியே இருந்தது. பொனெற்றை மூடிவிட்டு வந்து இருக்கையில் அமர்ந்து திறப்பில், காரின் சாவியில், கையை வைத்தார். அப்போதுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது.

சூடு என்று பயந்து எஞ்சினை நிறுத்திவிட்டார். அன்றைக்குக் கடலில் செய்த அதே காரியம். அன்று நிறுத்திய எஞ்சின் பிறகு எடுபடவே இல்லை. காரைச் சுற்றி வெளி கடல்போலவே கிடந்தது, காற்று அதே மாதிரி ஊதியது. உள்ளங்கையில் பழைய தழும்பு எரிந்தது. திறப்பைத் திருப்பக் கை வரவில்லை. திருப்பாதவரைக்கும் எஞ்சின் எடுபடும் என்று நம்பிக்கொண்டாவது இருக்கலாம்.

"அப்பா," என்றாள் கோபிகா. "எடுங்கோ."

"நிப்பாட்டிப் போட்டன் பிள்ளை."

"அப்ப எடுங்கோ."

"எடுபடாட்டி..."

"அப்பா, எனக்கு ஏலாமல் கிடக்கு. எடுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். தொட்ட கையோடு எஞ்சின் எடுபட்டது. காலை வேளைகளில் இழுத்து இழுத்து இருமிக்கொண்டிருந்த அதே எஞ்சின்தானா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. சரியான சூட்டில் இருக்கும் எஞ்சின் அப்படித்தான் எடுபடும். இவ்வளவு காலமும் அதை அந்தச் சூட்டுக்கு வர அவர் விட்டதே இல்லை.

கோபிகா நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை உரித்துத் தாயின் கையில் கொடுத்தாள். தாய் முன்னால் எட்டி நீட்டினாள்.

"அதை அந்த ஊசிக்கு மேலை ஒட்டுங்கோ அப்பா. இனி அதைப் பாக்காதேங்கோ. ரோட்டைப் பாருங்கோ."

ஒட்டினார். கண்ணாடியில் ஊசி நின்ற இடத்தில் இப்போது சிவப்புப் பொட்டு. புத்தூரும் நீர்வேலியும் கோப்பாயும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே பின்னால் போயின. பயம் போகவில்லை. பயத்தோடேயே ஓட்டினார், ஆனால் நிற்காமல் ஓட்டினார்.

ஆசுப்பத்திரியில் தாதிமார் கோபிகாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போக, அருமைநாயகியும் பின்னால் ஓடினாள். சீவரத்தினம் காரை மதிலோரம் கொண்டுபோய் விட்டார். எஞ்சினை நிறுத்தவில்லை. வெயில் ஏறியது. கார் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுள்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாசல் காவலாளி வந்து கண்ணாடியில் தட்டினான்.

"ஐயா, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. புகை எல்லாம் நோயாளர் வாட்டுக்கை போகுது."

"கொஞ்சம் பொறு தம்பி. நிப்பாட்டினாப் பிறகு எடுபடாட்டி?"

காவலாளி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "எடுபடாட்டி என்ன ஐயா? நாங்கள் தள்ளிவிடுறம். இஞ்சை எத்தினை சனம் நிக்குது."

சீவரத்தினம் சுற்றிலும் பார்த்தார். ஓட்டோக்காரர்கள், சோற்றுப் பெட்டியோடு நிற்கும் சொந்தக்காரர்கள், தேநீர்க் கடையடியில் கதைத்துக்கொண்டிருக்கும் வாலிபர்கள். கூப்பிட்டால் கை கொடுக்க அத்தனை பேர். அவர் கண்களில் தண்ணீர் நிறைந்தது. அன்றைக்கு அந்தப் படகைத் தள்ள அவரையும் சோமசேகரத்தையும் தவிர ஒரு மனித உயிர் இருக்கவில்லை.

திறப்பைத் திருப்பி எடுத்தார். சத்தம் நின்றது. அந்த அமைதி அவரை விழுங்க வந்தது. திறப்பை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே இருந்தார். அப்படி எவ்வளவு நேரம் இருந்தாரோ, போன் அடித்தது.

"இஞ்சரப்பா," அருமைநாயகியின் குரல் அழுகையும் சிரிப்புமாக வந்தது, "பெடியன். தாயும் பிள்ளையும் சுகம். நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"மதிலடியிலை." "அருமை, எஞ்சினை நிப்பாட்டிப் போட்டன்."

"நல்லது," என்றாள் அவள். "காரைப் பூட்டிப்போட்டு மேலை வாங்கோ."